பனிக்காலம் முடியும்வரை காரைத் திறந்தவெளியில் நிறுத்திவைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூடிய கராஜ் இல்லை, பனி பெய்யும் மூன்று நான்கு மாதங்களுக்குக் காரை எடுக்கப் போவதும் இல்லை. அப்படியானால் அதை எந்த வரிசையில் தயார்செய்து வெளியில் நிறுத்துவது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பல பனிக்காலங்கள் இப்படி நிறுத்தி, வெயில் வந்ததும் எடுத்திருக்கிறேன். முதல்முறை செய்பவர்கள் பலருக்குப் பக்கத்தில் நின்று உதவியிருக்கிறேன்.

அவர்கள் எல்லோருமே குளிரை நினைத்துப் பயந்தார்கள். உலர்ந்த குளிரைக் கார் நன்றாகவே தாங்கும். அதை அரிப்பது ஈரம்: கவருக்கு அடியில் தங்கும் ஈரம், பழைய ஆயிலில் கலந்த ஈரம், பிரேக்கில் காயாமல் விட்ட ஈரம். அதனால் தண்ணீர் படுகிற வேலைகளை முதலில் முடித்து, பிறகு காரை நன்றாக ஓட்டிச் சூட்டில் காயவைத்து, கடைசியில்தான் மூட வேண்டும். வரிசை மாறினால் செய்த வேலையே வீணாகும்.

ஒரு முழு நாளும் மறுநாள் காலையில் ஒரு மணி நேரமும் ஒதுக்குங்கள். சாலையில் உப்பு தூவத் தொடங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. உப்பு விழுந்துவிட்டால், கழுவிய காரைக் கடைசியாக ஓட்டும்போதே அது மறுபடியும் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

1. முதலில் இடத்தைப் பாருங்கள்

புல்தரையும் மண்தரையும் வேண்டாம். மண்ணிலிருந்து ஈரம் மேலே எழுந்துகொண்டே இருக்கும். காரின் அடிப்பாகம் மாதக்கணக்கில் அந்த ஆவியில் நிற்கும். கான்கிரீட், தார், கெட்டியான சரளை, மூன்றில் எது கிடைத்தாலும் சரி. மண்தரையைத் தவிர வேறு வழியே இல்லையென்றால் கனமான பிளாஸ்டிக் விரிப்பை அடியில் விரித்து, சக்கரங்களுக்குக் கீழே பலகை போடுங்கள்.

பனி உருகும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நின்று யோசியுங்கள். பள்ளத்தில் நிறுத்தினால் சக்கரம் குட்டையில் நின்று, இரவில் தரையோடு சேர்ந்து உறைந்துபோகும். மரத்தடி கூடாது, பனிச்சுமை தாங்காமல் கிளை முறிந்து விழும். கூரை ஓரமும் கூடாது. அங்கிருந்து பனிப்பாளம் சரியும். பனி அள்ளும் வண்டி ஒதுக்கித் தள்ளும் குவியல் எங்கே சேரும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

பாதி வேலையில் கடைக்கு ஓட முடியாது, ஏனென்றால் பேட்டரியைக் கழற்றியிருப்பீர்கள். எல்லாவற்றையும் முதலிலேயே சேர்த்து வையுங்கள்: காருக்குரிய என்ஜின் ஆயிலும் ஃபில்டரும், ஃப்யூயல் ஸ்டெபிலைசர் (நிற்கும் பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம்), கூலன்ட் சோதிக்கும் கருவி, உறையாத வாஷர் திரவம், மெழுகுப் பாலிஷ், ரப்பருக்குப் பூசும் சிலிக்கான் கிரீஸ், டயர் காற்று அளக்கும் மானி, சக்கரத்துக்கு வைக்க நான்கு முட்டுக்கட்டைகள், துருப்பிடிக்காத கம்பி வலை, பேட்டரிக்கான ஸ்பேனர், வோல்ட் மீட்டர், பேட்டரி மெயின்டெயினர் (பேட்டரியின் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சிறிய சார்ஜர்), காற்று புகுந்து வெளியேறும் துணிக் கவர். இவற்றோடு காரின் கையேடு. இன்றைய கார்களில் பல விஷயங்கள் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், இந்த வழிகாட்டியில் சொல்வதும் கையேட்டில் சொல்வதும் மோதினால் கையேட்டையே கேளுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஓட்டாத காலத்துக்குக் கட்டணத்தைக் குறைக்கும் வழி இருக்கலாம். ஆனால் பாலிசியை முழுவதுமாக ரத்து செய்யாதீர்கள். நிற்கிற கார் மீதும் மரம் விழும், திருட்டும் நடக்கும்.

3. கழுவுங்கள், அடிப்பாகத்தை மறக்காமல்

மேலே பளபளப்பாகக் கழுவிவிட்டு அடியை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. சக்கர வளைவுகளின் உள்பக்கத்தில் சேர்ந்திருக்கும் சேறு ஈரத்தைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்திருக்கும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அழுத்தமான தண்ணீரால் அடியை நன்றாக அடித்துக் கழுவுங்கள். பறவை எச்சமும் மரப்பிசினும் பெயின்டை அரிப்பவை. கவருக்கு அடியில் மாதக்கணக்கில் இருந்தால் அந்தத் தடம் போகவே போகாது.

பிறகு பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். இலைச்சருகு அடைத்துக் கிடக்கும். அங்கே சிறிய வடிகால் துளைகள் உண்டு. கதவுகளின் அடி விளிம்பிலும், சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளிலும் அப்படியே. இவை அடைபட்டால் தேங்கும் தண்ணீர் உறையும். உருகும்போது போக வழியில்லாமல் காருக்குள் இறங்கும். ஒரு முறை நான் இதைச் சோதிக்காமல் விட்டதில், பனி முடிந்து கதவைத் திறந்தபோது முன்பக்கக் கார்ப்பெட் முழுக்க ஊறியிருந்தது. காயவைக்க இருக்கைகளையே கழற்ற வேண்டியதாயிற்று. கைநிறையச் சருகை எடுத்துப் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

துடைத்துக் காய்ந்த பிறகு மெழுகு பூசுங்கள்.

4. உள்ளே ஒரு பருக்கைகூட இருக்கக் கூடாது

பிஸ்கட் துகள், சாக்லேட் உறை, டிஷ்யூ பெட்டி, பழைய துணி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். தின்பண்டம் எலியைக் கூப்பிடும், டிஷ்யூ அது கூடு கட்ட உதவும். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளி அடியில் வாக்குவம் போடுங்கள். தண்ணீர்ப் பாட்டில், பானக் கேன் எதையும் விடாதீர்கள், உறைந்து வெடித்துவிடும்.

தரை விரிப்புகளை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் பைகளை வையுங்கள். ஈரத்தை இழுத்துத் தானே திரவமாகும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் எனக்குப் பிடிக்காது. கவிழ்ந்தால் அந்தத் திரவம் உலோகத்தை அரிக்கும்.

5. ஆயில், கூலன்ட், மற்றவை

ஆயிலை வெயில் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஓடி முடித்த ஆயிலில் எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். என்ஜினின் உள்பாகங்கள் மாதக்கணக்கில் அதில் ஊறக் கூடாது. எனவே நிறுத்தும் முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும்.

கூலன்ட்டைக் கண்டிப்பாகச் சோதியுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அந்த விரிவு என்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். எத்திலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதிகமாக ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு என்று நினைத்துத் தண்ணீரே கலக்காமல் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். தனி கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி அருகிலேயே உறையத் தொடங்கிவிடும். கலவைதான் காக்கும். கோடையில் வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பிய கார்களில் இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். என்ஜின் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

வாஷர் டேங்கில் உறையாத திரவம் ஊற்றியதும், கண்ணாடி மீது சில முறை பீய்ச்சுங்கள். டேங்க் மட்டும் நிறைந்து, குழாயிலும் பம்பிலும் பழைய தண்ணீர் தங்கினால் உறைந்து உடைவது அவைதான். பிரேக் திரவமும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மாற்றி 2 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

6. எரிபொருளும் கடைசி ஓட்டமும்

பெட்ரோல் நிலையத்துக்குப் போகும்போது ஸ்டெபிலைசரை எடுத்துச் செல்லுங்கள். டப்பாவில் சொன்ன அளவை முதலில் டேங்கில் ஊற்றி, பிறகு பெட்ரோல் நிரப்புங்கள். அப்போதுதான் நன்றாகக் கலக்கும். டேங்கை ஏன் நிரப்ப வேண்டும் என்றால், காலியான இடத்தில் இருக்கும் காற்று பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அதிலுள்ள ஈரம் உள்சுவரில் நீர்த்துளியாகப் படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். டீசல் காராக இருந்தால் குளிர்காலத்துக்கென்று விற்கும் டீசலையே நிரப்புங்கள். கோடை டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் கெட்டியாகி ஃபில்டரை அடைத்துவிடும்.

நிரப்பிய பின் நேராக வந்து நிறுத்திவிடாதீர்கள். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். இந்த ஒரு ஓட்டம் பல வேலைகளைச் செய்கிறது: ஸ்டெபிலைசர் குழாய்க்கும் இன்ஜெக்டருக்கும் போய்ச் சேருகிறது, புது ஆயில் எல்லா இடத்திலும் படிகிறது, கழுவிய தண்ணீர் பிரேக்கிலும் சைலன்சரிலும் காய்கிறது. திரும்பி வரும் கடைசிப் பத்து நிமிடம் ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரையும் ஃபேனையும் ஓடவிடுங்கள்; ஏசிக் குழாய்க்குள் தங்கிய ஈரம் போகும். நிறுத்தும் முன் காற்றை உள்சுழற்சிக்கு மாற்றுங்கள். பெரும்பாலான கார்களில் அப்போது வெளிக்காற்று வரும் வழி மூடிக்கொள்ளும், எலிக்கு ஒரு பாதை குறையும்.

7. நிறுத்துதல்: ஹேண்ட் பிரேக் போடாதீர்கள்

பழக்கத்தில் கை தானாகவே ஹேண்ட் பிரேக்குக்குப் போகும். மாதக்கணக்கில் அழுத்தியபடி இருந்தால் பிரேக் பேட் டிஸ்க்கோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்க மெக்கானிக் வர வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக கியரில் விடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க் நிலையில் விடுங்கள். சக்கரங்களின் இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடுங்கள். முதலில் கட்டை, பிறகு பிரேக்கை எடுப்பது. இந்த வரிசை உயிர் சம்பந்தப்பட்டது. பொத்தானால் இயங்கும் மின் பிரேக் உள்ள கார்களில், அணைத்ததும் அது தானாகவே பிடித்துக்கொள்ளலாம். அதைத் தடுக்கும் முறையைக் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு அதை மாற்ற முடியாது.

டயர் காற்றை மறுநாள் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளவிடுங்கள். ஓடி வந்த சூட்டில் மானி கூடுதலாகக் காட்டும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். 15 டிகிரியில் நிரப்பிய டயர் மைனஸ் 20இல் 6 பிஎஸ்ஐ போல இழந்திருக்கும். காற்று குறைந்த டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிவிடும். அதனால் வழக்கமான அளவைவிட 5 பிஎஸ்ஐ வரை கூட்டி நிரப்பலாம். ஆனால் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

காரை ஜாக் ஸ்டாண்டில் தூக்கி வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வெளியில் வேண்டாம் என்பேன். தரை உறைந்து உருகும்போது ஸ்டாண்ட் சாயலாம்.

8. எலிக்கு வழிகளை அடையுங்கள்

இந்த வேலைக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். நிற்கிற கார் அதற்குக் காற்றும் பனியும் புகாத வீடு. வயரைக் கடிக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும், இருக்கைப் பஞ்சைப் பிய்க்கும்.

சைலன்சர் குழாயின் வாயையும், ஏர் ஃபில்டருக்குக் காற்று இழுக்கும் வாயையும் கம்பி வலையால் மூடுங்கள். சைலன்சர் நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்பதால் இதையும் மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி அளவு வெளியே தெரியும்படி செருகுங்கள். உள்ளே ஆழமாகத் திணித்தால் திரும்ப எடுக்க முடியாது. பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நார் ஈரத்தில் துருப்பிடித்துத் தூளாகும். அந்தத் தூள் காற்றோடு என்ஜினுக்குள் போகக் கூடாது. துணி வைத்தால் எலி அதையே பிய்த்துக் கூடு கட்டும்.

அடைத்ததும் எங்கெங்கே அடைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள். நான்கு மாதம் கழித்து, வேறு யாராவதுகூட, சாவியைத் திருப்பும் முன் அது கண்ணில் பட வேண்டும்.

பாச்சை உருண்டை போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ஆவி உடலுக்குக் கெடுதல். இருக்கைத் துணியில் ஏறிய நாற்றம் போக ஒரு கோடைக்காலமே ஆகும்.

9. ரப்பரும் வைப்பரும்

கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். இல்லையென்றால் கதவோடு சேர்ந்து உறைந்து, திறக்கும்போது கிழியும். வைப்பர் கையைத் தூக்கி நிறுத்தாதீர்கள்; கவரைக் குத்தும், காற்றில் மடங்கி அடித்தால் கண்ணாடியிலேயே விரிசல் விழும். பிளேடைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கையின் நுனியில் துணி சுற்றிக் கண்ணாடி மீது மெல்லப் படுக்க வையுங்கள்.

10. பேட்டரி: கடைசிக்கு முந்தைய வேலை

கார் அணைந்திருந்தாலும் அலாரம், கம்ப்யூட்டர், சாவியைத் தேடும் கருவி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி 25 நாளில் பாதியாகிவிடும்.

இது ஸ்டார்ட் ஆகாமல் போவதோடு முடிகிற பிரச்சினை இல்லை. முழுவதும் சார்ஜ் ஏறிய லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் தீர்ந்தால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான்; மைனஸ் 10 டிகிரி வருவதற்குள்ளேயே உறைந்து, உள்தகடுகள் வளைந்து, பெட்டி பிளந்துவிடலாம்.

கழற்றும் முன் மூன்று விஷயம். ரேடியோவுக்கு ரகசிய எண் கேட்கும் காரா என்று பாருங்கள். ரிமோட்டுக்குள் இருக்கும் சாதாரணச் சாவி கதவைத் திறக்கிறதா என்று சோதியுங்கள். பேட்டரி டிக்கியில் இருந்து, டிக்கியோ மின்சாரத்தில் மட்டும் திறப்பதாக இருந்தால், கழற்றிய பிறகு அதைச் சாத்தினால் திறக்க வழி இருக்காது. இப்படிச் சாத்திவிட்டுத் தவித்த நண்பருக்கு உதவ ஒரு மதியம் முழுக்கப் போனது. அந்தக் காரில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனை எங்கே இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் நெகடிவ் முனை, பிறகு பாசிடிவ். மாட்டும்போது தலைகீழ். பாசிடிவை முதலில் அவிழ்க்கும்போது ஸ்பேனர் காரின் உலோகத்தில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். நெகடிவ் கழன்றிருந்தால் அந்த ஆபத்து இல்லை.

பேட்டரியைக் காற்றோட்டமுள்ள, உறையாத இடத்தில் வைத்து, மெயின்டெயினரில் இணைத்துவிடுங்கள். அது இல்லையென்றால் மாதம் ஒரு முறை வோல்ட் மீட்டர் வையுங்கள். 12.6க்கு மேல் இருந்தால் நலம். 12.4க்கு இறங்கினால் சார்ஜ் செய்யுங்கள். உறைந்த பேட்டரிக்கு மட்டும் ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள், வெடிக்கக்கூடும்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரியை ஏறக்குறைய பாதிச் சார்ஜில் விடுவது பொதுவான முறை. முழுவதும் நிரப்பியோ தீர்ந்த நிலையிலோ விடக் கூடாது. சிறிய 12 வோல்ட் பேட்டரி அவற்றிலும் உண்டு. அதைக் கழற்றலாமா என்பதைக் கையேடு சொல்லும்.

11. கவர்

நீல நிறப் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு மூடுவது வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே போகாது என்பது உண்மை. உள்ளே எழும் ஆவியும் ஒரு சொட்டு வெளியே போகாது. கார் அதற்குள் வேர்த்துக்கொண்டே இருக்கும். காற்றில் தார்ப்பாய் அடித்து அடித்துப் பெயின்டையும் தேய்த்துவிடும்.

பல அடுக்குள்ள, ஆவியை வெளியே விடும் கவர், உள்பக்கம் மெத்தென்று இருக்க வேண்டும். உங்கள் கார் அளவுக்கே வாங்குங்கள். தொளதொளவென்றால் காற்று புகுந்து தூக்கும். அடியில் குறுக்கே வார் போட்டு இறுக்குங்கள். உலர்ந்த காற்றுள்ள நாளில், காய்ந்த கார் மீது மட்டுமே போடுங்கள்.

12. இடையில் ஸ்டார்ட் செய்யாதீர்கள்

வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டால் காருக்கு நல்லது என்று பெரியவர்கள்கூடச் சொல்வார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் விளைவு நேர்மாறு. பெட்ரோல் எரியும்போது தண்ணீர் உண்டாகும். என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து ஓடினால்தான் அது ஆவியாகி வெளியேறும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் அந்தத் தண்ணீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரமும் பேட்டரிக்கு முழுவதும் திரும்பாது. அரை மணி நேரம் சாலையில் ஓட்ட முடியாதென்றால் தொடாமல் விடுங்கள். கோடை டயர் போட்ட காரை மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே நகர்த்தவும் கூடாது. ரப்பர் விறைத்து விரிசல் விடலாம்.

செய்ய வேண்டியது வேறு. பனி கனமாகச் சேர்ந்தால் மென்மையான துடைப்பத்தால் கவரின் மேலிருந்து தள்ளுங்கள். சுரண்டாதீர்கள். கவர் காரோடு உறைந்திருந்தால் இழுக்க வேண்டாம், வெயில் வரும்வரை விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சுற்றி வந்து எலித்தடம், தளர்ந்த வார், தேங்கிய தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

13. வெயில் வந்ததும் எடுக்கும் வரிசை

ஸ்டியரிங்கில் கட்டிய தாளைப் பார்த்து, முதலில் வலைகளை எடுங்கள். பானெட்டைத் திறந்து கூடு ஏதாவது இருக்கிறதா, வயர் கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்துவிடுங்கள். ஆயில், கூலன்ட், பிரேக் திரவத்தின் அளவு, காருக்கு அடியில் கசிவுத் தடம், இவையெல்லாம் பேட்டரியை மாட்டும் முன்பே. டயர் காற்றை வழக்கமான அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பிரேக் மிதியை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் முட்டுக்கட்டைகளை எடுங்கள். முதல் சில பிரேக்குகளில் கரகரவென்று சத்தம் வரும். டிஸ்க்கில் படிந்த மேல் துருதான் அது, ஓட ஓடத் தேய்ந்துவிடும். ஸ்டியரிங் லேசாக அதிர்ந்தால் டயர் தட்டையான இடம். டயர் சூடானதும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு நாள் நன்றாக ஓடிய பிறகும் அதிர்வு போகவில்லையென்றால் டயரைக் கடையில் காட்டுங்கள்.